உடற்பருமன்: கொழுப்பு செல்லுக்குள் நடப்பது என்ன?

(சித்தூரில் தமிழ் அன்பர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல் பருத்த ஒருவரைக் கண்டதும் நம் ஊரில் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்பது ஒன்று, ‘சோம்பேறி’ என்பது இன்னொன்று. உயிர்வேதியியல் கற்பித்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டையும் நான் ஏற்பதில்லை. ஒரே அடுப்பில் சமைத்த சோற்றை ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணும் அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு வயிறு முன்னால் வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. இது ஏன் என்று கேட்டால், பதிலைத் தட்டில் மட்டும் தேடிப் பயனில்லை. தோலுக்கு அடியில், கொழுப்பு செல்லுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்பவை நொதிகள். என்சைம் என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்தவைதான். இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 36.3 சதவீதம் பேர் அதிக எடை உடையவர்கள். ஆண்களில் 31.1 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். நாடு முழுமைக்குமான கணக்கு 24, 22.9. எல்லைக்கு இந்தப் பக்கம் திருப்பதி, அந்தப் பக்கம் திருத்தணி, வேலூர் என்று உறவும் வியாபாரமும் வைத்திருக்கும் நமக்கு இரண்டு மாநிலக் கணக்கும் நம் கணக்குத்தான். இரண்டுமே தேசியச் சராசரியைவிட வெகுவாக உயர்ந்து நிற்கின்றன.

நம் பாட்டன் பாட்டி காலத்தில் இந்த மண்ணின் கவலை வேறு. ராயலசீமை என்றாலே வறட்சி. காலையில் கேழ்வரகுக் களி, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல் அல்லது கீரை. நெல்லுச்சோறு பண்டிகைக்கு. 1983இல் ஆந்திர முதலமைச்சர் என்.டி. ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தந்தபோது எத்தனையோ வீடுகளில் அது பசியைத் தீர்த்தது. அந்தத் திட்டத்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பசித்தவனுக்குச் சோறு போட்டது பெரிய காரியம். ஆனால் பசிக்கென்று பழகிய ஓர் உடல், ஒரே தலைமுறைக்குள் மூன்று வேளை அரிசி, எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை போட்ட காபி, உட்கார்ந்த வேலை என்று மாறினால் அதன் செல்கள் என்ன செய்யும்? அவை அறிந்த வேலையைத்தான் செய்யும். மிஞ்சியதைச் சேர்த்து வைக்கும்.

பழைய வீடுகளில் நெற்குதிர் இருந்ததே, கொழுப்பு செல் அதைப் போன்றது. விளைந்த காலத்தில் நிரப்பி, இல்லாத காலத்தில் எடுப்பதற்காக உள்ள இடம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோ கலோரி இருக்கிறது. அதே எடை மாவுச்சத்தில் 4 தான். நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவர் பத்துப் பன்னிரண்டு கிலோ கொழுப்பைச் சுமக்கிறார் என்றால், மாதக்கணக்கில் உயிர் பிழைக்கப் போதுமான சேமிப்பு அவரிடம் இருக்கிறது. பஞ்சம் பார்த்த மனிதகுலம் இன்று மிச்சமிருப்பதற்கு இந்தச் செல்லுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இந்தச் செல்கள் எத்தனை? எப்போது உண்டாகின்றன? இதற்குப் பதில் கிடைத்த விதமே வியப்பானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வான்வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. சோதனைகள் நின்ற பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. காற்றிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து நமக்கு என்று அந்தக் கார்பன் வருகிறது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அந்த ஆண்டின் கார்பன் அளவு பதிந்துவிடுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வு நிலையத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் இதை வைத்துக் கொழுப்பு செல்களின் வயதைக் கணித்து 2008இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பிள்ளைப் பருவத்திலும் விடலைப் பருவத்திலும் கூடிக்கொண்டே வருகிறது. இருபது வயதை ஒட்டி அது ஓர் அளவில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு செல்கள் இறக்கின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டு பல கிலோ இளைத்தவர்களிடமும் செல்லின் பருமன்தான் குறைந்திருந்தது, எண்ணிக்கை குறையவில்லை. பெரியவர்கள் அளவுக்கு மீறி உண்டால் தொடைப் பகுதியில் புதுச் செல்கள் தோன்றலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. என்றாலும் அடிப்படைக் கணக்கு சிறுவயதில் போடப்படுகிறது என்பது நிலைத்து நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்களிடம் கேட்கப்போகும் ஒன்று இதை நம்பித்தான் இருக்கிறது.

சரி, ஒரு கொழுப்பு செல் எப்படிப் பிறக்கிறது? ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 3டி3-எல்1 என்று ஒரு செல் வகை உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன் என்பவரின் ஆய்வகத்தில் சுண்டெலிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்தது. இன்று உலகெங்கும் கொழுப்பைப் பற்றி ஆராய்பவர்களிடம் அது இருக்கிறது. தட்டில் முதலில் ஒல்லியாக, நீண்டு, ஒன்றை ஒன்று ஒட்டிப் படர்ந்து கிடக்கும். அதற்கு மூன்று பொருள்களைக் கலந்து கொடுப்பார்கள். ஒன்று இன்சுலின். இரண்டாவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மூன்றாவது பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும் ஒரு வேதிப்பொருள். நான்கைந்து நாளில் செல்கள் உருண்டு திரளத் தொடங்கும். எட்டுப் பத்து நாளில் ஒவ்வொன்றுக்குள்ளும் மினுமினுக்கும் எண்ணெய்த் துளிகள் தெரியும். ஆயில் ரெட் சாயத்தை ஊற்றிக் கழுவினால் தட்டு முழுவதும் குங்குமம் தெளித்தாற்போல் சிவந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அந்தக் கலவையைக் கவனியுங்கள். இன்சுலின் எப்போது நம் உடம்பில் ஏறுகிறது? உண்ணும்போது, அதிலும் மாவும் சர்க்கரையும் உண்ணும்போது. ஸ்டீராய்டு எப்போது ஏறுகிறது? மன அழுத்தத்தின்போது கார்ட்டிசோல் என்ற பெயரில் உடம்பே சுரக்கிறது. ஆக, ஓயாத தீனியும் ஓயாத பதற்றமும் சேர்ந்தால் கொழுப்பு செல்லை வளர்க்கும் கலவையின் இரண்டு பங்கு நம் ரத்தத்திலேயே தயாராக இருக்கிறது.

இதில் ஒரு நொதியின் பங்கை நான் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பெயர் 11-பீட்டா எச்எஸ்டி-1. செயலற்றுக் கிடக்கும் கார்ட்டிசோனை, செயலுள்ள கார்ட்டிசோலாக மாற்றும் வேலையை அது கொழுப்பு செல்லுக்குள்ளேயே செய்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஸ்டீராய்டு சரியான அளவில் இருக்கும், ஆனால் வயிற்றுக் கொழுப்புக்குள் மட்டும் மிகுந்திருக்கும். 2001இல் பாஸ்டன் நகர விஞ்ஞானிகள் இந்த நொதி கொழுப்பில் மட்டும் கூடுதலாக இருக்கும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகள் அதிகம் தின்றன, அவற்றுக்கு வயிற்றுக் கொழுப்பு சேர்ந்தது, சர்க்கரை நோயும் வந்தது. ஒரே ஒரு நொதியின் அளவு மாறியதால் இவ்வளவும். அந்த நொதியை அடக்க மருந்து தேடினார்கள். எலியிடம் கிடைத்த பலன் மனிதரிடம் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே கிராமத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டு வலிக்கு, மூச்சிரைப்புக்கு என்று பெயர் தெரியாத மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலி ஒரே நாளில் போகும். இரண்டு மாதத்தில் முகம் உப்பும், வயிறு பெருக்கும், பசி அடங்காது. அந்தப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் நான் சொன்ன ஸ்டீராய்டுதான். ஆய்வகத் தட்டில் கொழுப்பு செல்லை வளர்க்க நாங்கள் ஊற்றும் பொருளை நீங்கள் பணம் கொடுத்து விழுங்குகிறீர்கள். மாத்திரையின் பெயரும் அட்டையும் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல நாளாகச் சாப்பிட்டுவருபவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

கொழுப்பு செல்லின் பிறப்பை முன்னின்று நடத்தும் புரதம் பிபிஏஆர் காமா. 1994இல் புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் அதை அடையாளம் கண்டார்கள். அது நொதி அல்ல, மரபணுக்களை இயக்கும் புரதம். ஆனால் அதைத் தட்டிக் கொடுப்பதும் அடக்குவதும் நொதிகள்தாம். சர்ட்-1 என்ற நொதி பட்டினியின்போது அதன் வேகத்தைக் குறைக்கிறது. இந்தப் புரதத்தைத் தூண்டும் சர்க்கரை நோய் மாத்திரை ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: பயோகிளிட்டசோன். 2013இல் மத்திய அரசு அதைத் தடை செய்து, சில வாரங்களில் எச்சரிக்கை வாசகத்துடன் மீண்டும் அனுமதித்தது. அதைச் சாப்பிடுபவருக்கு உடல் எடை கூடுகிறது, ஆனால் சர்க்கரை குறைகிறது! கொழுப்பு கூடினால் சர்க்கரை நோய் கூட வேண்டும் அல்லவா? புதிய, சிறிய, ஆரோக்கியமான கொழுப்பு செல்கள் தோலுக்கு அடியில் உருவாகி, ஈரலிலும் தசையிலும் தங்கியிருந்த கொழுப்பை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதனால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. கொழுப்பு செல்லே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் அபூர்வமாக உண்டு. அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. கொழுப்பு செல் நமக்குப் பகை அல்ல. அது நிரம்பி வழிந்து, வைக்கக் கூடாத இடத்தில் கொழுப்பு போய்ச் சேரும்போதுதான் நோய் தொடங்குகிறது.

இனி, கொழுப்பு உள்ளே வரும் வழியைப் பார்ப்போம். நெய் ஊற்றிய பொங்கலோ விருந்துச் சாப்பாடோ உண்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தம் எடுத்துச் சுழற்றினால், மேலே நிற்கும் தெளிநீர் மஞ்சளாக இருக்காது, பால்போல் வெளுத்துக் கலங்கியிருக்கும். லேபில் இருப்பவர்கள் ‘லைப்பீமிக் சாம்பிள்’ என்று சொல்லி, மறுநாள் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். அந்த வெண்மை முழுவதும் கொழுப்புத் துளிகள். சில மணி நேரத்தில் அது மறைந்து ரத்தம் தெளிந்துவிடுகிறது. எங்கே போயிற்று? 1943இல் ஹான் என்ற அமெரிக்கர், ஹெப்பாரின் ஊசி போட்டதும் நாய்களின் கலங்கிய ரத்தம் விரைவாகத் தெளிவதைக் கண்டார். 1950களில் எட்வர்ட் கார்ன் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். அது லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி.

இந்த நொதி நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போகிற கொழுப்புத் துளியைப் பிடித்து, கொழுப்பு அமிலமாக உடைத்து, பக்கத்தில் உள்ள திசுவுக்குக் கொடுக்கிறது. கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது, தசையிலும் இருக்கிறது. உண்டவுடன், இன்சுலின் ஏறியவுடன், கொழுப்புத் திசுவில் இதன் வேலை கூடுகிறது, தசையில் குறைகிறது. பட்டினியிலும் உழைப்பிலும் இது தலைகீழாகிறது. ஒரே சாப்பாட்டின் கொழுப்பு, உழைத்தவருக்குத் தசையில் எரிகிறது, மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றில் போய்ச் சேர்கிறது. நான் தொடக்கத்தில் சொன்ன அண்ணன் தம்பி கணக்கில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

கொழுப்பு வெளியேறும் வழியும் நொதிகளின் கையில்தான். ஹார்மோன் சென்சிட்டிவ் லைப்பேஸ் என்ற ஒரே நொதிதான் சேமித்த கொழுப்பை உடைக்கிறது என்று நாற்பது ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். நான் படித்த புத்தகத்திலும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தால், அவை குண்டாகவில்லை, கொழுப்பும் உடைந்துகொண்டிருந்தது. அப்படியானால் வேறு எதுவோ முதல் அடியை எடுத்து வைக்கிறது. 2004இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்து ஏடிஜிஎல் என்று பெயரிட்டார்கள். மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த கொழுப்பிலிருந்து முதலாவதை ஏடிஜிஎல் கழற்றுகிறது, இரண்டாவதைப் பழைய நொதி கழற்றுகிறது, மூன்றாவதைக் கழற்ற இன்னொன்று இருக்கிறது. அட்ரினலின் இவற்றை முடுக்குகிறது. இன்சுலின் இவற்றை நிறுத்துகிறது, அதுவும் மிகச் சிறிய அளவிலேயே நிறுத்துகிறது. காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட், முறுக்கு என்று இன்சுலினை இறங்கவே விடாதவருக்கு, கொழுப்பை உடைக்கும் நொதிகள் பகல் முழுவதும் சும்மா இருக்கின்றன. மொத்தத்தில் எவ்வளவு உண்கிறோம் என்பதே முதல் கணக்கு. அதை மறுக்கவில்லை. ஆனால் நடுவே வாய்க்கு ஓய்வு கொடுப்பதில் பொருள் இருக்கிறது.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் சுமார் 3,550 படிகள். உங்களில் பலர் வேண்டுதலுக்காக ஏறியிருப்பீர்கள். அந்த ஏற்றத்தில் உடம்புக்குள் நடப்பதை இரண்டு ஆந்திர ஊர்ப்பெயர்களைச் சொல்லி விளக்கலாம். ஒன்று அலிபிரி. மற்றொன்று பீமவரம். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர் எல்லாபிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டுக்குப் போனவர். 1927இல் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் கண்டார். 1929இல் அவர்கள் இருவரும் ஏடிபி என்ற பொருளை அறிவித்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைக் கண்டார். உயிருள்ள ஒவ்வொரு செல்லும் வேலை செய்வது ஏடிபியால்தான். அந்த மனிதருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரிவதில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

அலிபிரியில் முதல் சில படிகளை ஏறுகிறீர்கள். தசையில் தயாராக உள்ள ஏடிபி சில நொடிகளுக்குத்தான் வரும். உடனே பாஸ்போகிரியேட்டின் கை கொடுக்கிறது. சுப்பாராவின் முதல் கண்டுபிடிப்பு! அதுவும் பத்துப் பதினைந்து நொடிதான். பிறகு தசையில் சேமித்த சர்க்கரை எரிகிறது. வழியில் வரும் காலி கோபுரம் வரைக்கும் படிகள் செங்குத்து. மூச்சு வாங்குகிறது, அட்ரினலின் ஏறுகிறது, கொழுப்பு செல்களில் நான் சொன்ன மூன்று நொதிகளும் வேலையைத் தொடங்குகின்றன. கோபுரம் தாண்டிச் சமமான பாதையில், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் போகும்போது, எரிவதில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. மூச்சிரைக்க ஓடினால் அந்தப் பங்கு கூடாது, சர்க்கரைதான் அதிகம் எரியும்.

இதற்கிடையில் இன்னொன்று நடக்கிறது. ஏடிபி செலவாகச் செலவாக ஏஎம்பி என்ற மிச்சப்பொருள் கூடுகிறது. அதை உணர்ந்து எழும் நொதி ஏஎம்பிகே. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் கிரேம் ஹார்டி இதை விரிவாக ஆராய்ந்தார். ஏஎம்பிகே எழுந்ததும் அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதியை நிறுத்துகிறது. புதுக் கொழுப்பைக் கட்டும் பணியின் முதல் படி அதுதான். அது நின்றால் மலோனைல் கோஏ குறைகிறது. மலோனைல் கோஏ குறைந்தால் கொழுப்பு அமிலங்கள் தடையின்றி மைட்டோகாண்டிரியாவுக்குள் போய் எரிகின்றன. கட்டுவது நிற்பதும் எரிவது தொடங்குவதும் ஒரே நொதியால், ஒரே நேரத்தில்! அதே பாதையில் உள்ள முழங்கால் முறிச்சான் படிகளில் தொடை நடுங்கும்போது உங்கள் தசை முழுவதும் ஏஎம்பிகே விழித்திருக்கிறது. லட்சக்கணக்கானோர் சாப்பிடும் மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் இதே நொதியைத்தான், பெரும்பாலும் ஈரலில், ஓரளவு தட்டி எழுப்புகிறது.

மேலே போய்த் தரிசனம் முடித்து, கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் முந்திரியும் சேர்ந்த லட்டுப் பிரசாதத்தை வாங்குகிறோம். நடந்து ஏறியவர் அதில் ஒரு துண்டை வாயில் போட்டால், காலியான தசை அந்தச் சர்க்கரையை முதலில் வாங்கிக்கொள்ளும். பிரசாதத்தைப் பங்கிட்டு எல்லோருக்கும் கொடுப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

ஆனால் வருடத்தில் ஒருநாள் மலை ஏறினால் போதாது. நொதிகளுக்கு நினைவு சில மணி நேரம்தான், சில நாள்தான். தினமும் நடக்க வேண்டும்.

‘நான் ஒல்லிதான், எனக்கென்ன’ என்று இருப்பவர்களுக்காக ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2004இல் லான்செட் இதழில் வந்தது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு இருவரும் ஒல்லி. இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும்போதே தசை குறைந்து, கொழுப்பு அவ்வளவாகக் குறையாமல் பிறக்கிறது என்று யாஜ்னிக் காட்டினார். தாய் கர்ப்பத்தில் சரியாக உண்ணவில்லை என்றால் பிள்ளையின் செல்கள் அப்போதே சேமிப்பைக் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் நமக்கு எடைமானியைவிட இஞ்ச் டேப் முக்கியம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் சர்க்கரையும் ஈரலும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் வளர்ந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது.

மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்லிஸ்டாட் என்பது குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸை முடக்கி, உண்ட கொழுப்பில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தை மலத்தோடு வெளியேற்றும். வாரம் ஒரு ஊசியான செமாகுளூடைடு இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. நம் குடலே ஜிஎல்பி-1 என்ற, பசியை அடக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஆனால் டிபிபி-4 என்ற நொதி அதை இரண்டே நிமிடத்தில் பாதியாக வெட்டிவிடுகிறது. அந்த நொதியின் கத்திக்கு அகப்படாதபடி ஹார்மோனை மாற்றி அமைத்ததுதான் இந்த ஊசி. நல்ல மருந்துதான், தேவைப்படுபவருக்கு, மருத்துவர் கண்காணிப்பில். நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது. அதற்கு ஒரு காரணத்தை நீங்களே ஊகிக்கலாம்: செல்கள் சுருங்கின, எண்ணிக்கை அப்படியே இருக்கிறது.

நம் ஊர் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் மருத இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பட்டைச் சாற்றைக் கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் எடை குறைந்தது. கொழுப்பைக் கட்டும் பேட்டி ஆசிட் சிந்தேஸ் நொதியின் மரபணு அடங்கியது, ஏஎம்பிகே கூடியது. நல்ல வேலை, பெருமையாக இருக்கிறது. ஆனால் அது எலி. எலியில் கண்டதை மனிதனில் காட்டப் பல ஆண்டுகள் ஆகும், பெரும்பாலானவை அந்தத் தேர்வில் தோற்றுப்போகும். ஆகவே ‘கொழுப்பைக் கரைக்கும் மூலிகைப் பொடி’ என்று செல்போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். எலியில் செய்த ஆய்வுகளைத்தான் அவர்களில் பலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இப்போது நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1969இல் தொடங்கி டெல்லியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்தது முதல் வளரும்வரை அளந்து வைத்தார்கள். அவர்கள் முப்பது வயதை நெருங்கியபோது சர்க்கரையைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒல்லியானவர்கள், பின்னர் இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் மற்றவர்களைவிட வேகமாகப் பருத்தவர்கள். அன்று அவர்களைப் பார்த்து யாரும் குண்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வயதுக்கு மேல் நம் பிள்ளைகளை நாம் என்ன செய்கிறோம்? பத்தாம் வகுப்பு முடிந்ததும், சில இடங்களில் ஆறாம் வகுப்பிலிருந்தே, விடுதியோடு சேர்ந்த பயிற்சிக் கல்லூரிகளில் அடைக்கிறோம். விடியுமுன் எழுப்பி, இரவு பத்து மணிவரை ‘ஸ்டடி அவர்’. அடுக்குமாடிக் கட்டடம், மைதானம் கிடையாது. உட்கார்ந்தபடியே சாப்பாடு, உட்கார்ந்தபடியே பாடம், ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பார்க்கப் போகும் பெற்றோர் பையில் மிக்சரும் பிஸ்கட்டும் எடுத்துப் போகிறோம். தேர்வுப் பயத்தில் கார்ட்டிசோல், தீனியில் இன்சுலின், உட்கார்ந்தே இருப்பதால் தசையில் உறங்கும் நொதிகள். செல்களின் எண்ணிக்கை முடிவாகும் கடைசி ஆண்டுகளில், ஆய்வகத் தட்டில் நாங்கள் செய்வதை நாம் பெற்ற பிள்ளைக்குச் செய்கிறோம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தூக்கமும் இதில் சேர்ந்தது. 2012இல் சிகாகோவில் ஆரோக்கியமான ஏழு இளைஞர்களை நான்கு இரவுகள் நாலரை மணி நேரமே தூங்க விட்டார்கள். பிறகு அவர்கள் வயிற்றிலிருந்து சிறிது கொழுப்பை எடுத்துச் சோதித்தார்கள். இன்சுலினுக்குக் கொழுப்பு செல்கள் காட்டும் பதில் முப்பது சதவீதம் குறைந்திருந்தது. நான்கே இரவில்! ஏழே பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் நம் விடுதிப் பிள்ளைகள் இரண்டு வருடம் அப்படித் தூங்குகிறார்கள்.

5 முதல் 17 வயதுவரை தினமும் ஒரு மணி நேரமாவது உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். அவர்களை விளையாட விடாத வீடுகள்தான் அதிகம். நாளை அவர்கள் தாயாகும்போது அந்தக் கணக்கு அடுத்த பிள்ளைக்கும் போகிறது.

பெற்றோர்களே, அடுத்த மாதம் சேர்க்கைக்குப் போகும்போது சென்ற வருடம் எத்தனை ரேங்க் வாங்கினார்கள் என்று கேட்பதற்கு முன்னால், மைதானத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். தினசரி அட்டவணையில் விளையாட்டு எந்த நேரம், விளக்கை அணைப்பது எந்த நேரம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் கதவைக் காட்டுவார்கள். இந்த அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் கேட்டால் மைதானம் வரும். ஆசிரியர்களாக இருப்பவர்கள் உங்கள் நிர்வாகத்திடம் நீங்களே முதலில் பேசுங்கள். இதைச் செய்யுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.